கிராஃபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் வந்த வழி

1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட முதல் பெர்சனல் கம்ப்யூட்டரின் மின்வழங்கி 63.5 வாட் திறன் கொண்டது. நம்மூர்க் கடைகளில் எஸ்எம்பிஎஸ் என்று கேட்டு வாங்கப்படுவது இதுதான். பிராசசர், நினைவகம், பிளாப்பி டிரைவ், கீபோர்டு, திரைக்குப் படம் அனுப்பும் கார்டு என்று அத்தனைக்கும் அந்த 63.5 வாட்டிலிருந்தே பங்கு போனது. படக் கார்டில் அப்போது இரண்டு வகை இருந்தன: எழுத்தை மட்டும் காட்டும் எம்டிஏ, வண்ணத்தையும் காட்டும் சிஜிஏ. இரண்டையும் மதர்போர்டின் ஸ்லாட்டில் செருகினால் போதும். தனி மின்கம்பி எதுவும் தேவைப்படவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு வீட்டுக் கணினிகளில் இதுவே நடைமுறையாக இருந்தது.

1983-இல் வந்த எக்ஸ்டி மாடலில் எஸ்எம்பிஎஸ் 130 வாட்டாகவும், 1984-இல் வந்த ஏடி மாடலில் 192 வாட்டாகவும் வளர்ந்தது. ஹார்டு டிஸ்க்கும் கூடுதல் கார்டுகளும்தான் அதற்குக் காரணம். படக் கார்டின் பங்கு அதில் சிறிது. ஏடி காலத்து எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் பி8, பி9 என்ற இரண்டு கனெக்டர்களும் ஒன்றைப் போலவே மற்றது இருக்கும். இடம் மாற்றிச் செருகினாலும் உள்ளே போய்விடும். சுவிட்சைப் போட்டால் போர்டு போய்விடும். கறுப்புக் கம்பிகள் இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவில் வந்து சேர வேண்டும் என்று மெக்கானிக்குகள் மனப்பாடம் செய்துவைத்திருந்ததே அதற்கிருந்த ஒரே காப்பு. 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் தரம் அந்த இரண்டையும் 20 பின் கொண்ட ஒரே கனெக்டராக்கியது; அது ஒரு பக்கமாக மட்டுமே நுழையும். தவறைத் தடுக்கும் பொறுப்பு ஆளின் நினைவிலிருந்து பிளாஸ்டிக்கின் வடிவத்துக்கு வந்தது. கிராஃபிக்ஸ் கார்டின் வரலாற்றில் இந்தப் பொறுப்பு பின்னொரு நாள் எதிர்த்திசையில் கைமாறியது.

1990-களின் தொடக்கத்தில் வந்த பிசிஐ ஸ்லாட், ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 25 வாட் என்று வரையறுத்தது. முப்பரிமாண விளையாட்டுகள் பரவியபோது கிராஃபிக்ஸுக்கென்றே ஏஜிபி என்ற தனி ஸ்லாட்டை இன்டெல் வகுத்தது. 1997 முதல் மதர்போர்டுகளில் அது இடம்பெற்றது. அதில் 3.3 வோல்ட்டில் 6 ஆம்பியரும், 5 வோல்ட்டில் 2 ஆம்பியரும், 12 வோல்ட்டில் 1 ஆம்பியரும் கிடைக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் 40 வாட்டுக்குச் சற்று மேல். தொழில்முறை வரைகலைக் கணினிகளுக்காக ஏஜிபி ப்ரோ என்ற நீண்ட ஸ்லாட்டும் வந்தது. 50 வாட், 110 வாட் என அதில் இரண்டு நிலைகள். வீட்டுக் கணினிகளில் அது வேரூன்றவில்லை. அங்கே வேறொரு வழி திறந்துகொண்டது.

ஏஜிபியின் இந்தக் கணக்கில் ஒரு பலவீனம் தெரிகிறது. வாட் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் தொகை. கம்பியையும் பின்னையும் சூடாக்குவது அதில் ஆம்பியர் மட்டுமே. அந்தச் சூடும் ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 60 வாட்டை 5 வோல்ட்டில் அனுப்ப 12 ஆம்பியர் வேண்டும். 12 வோல்ட்டில் அனுப்ப 5 ஆம்பியர் போதும். இரண்டுக்கும் ஒரே கம்பி என்றால், முதலாவதில் உண்டாகும் சூடு இரண்டாவதைப் போல ஐந்தரை மடங்குக்கும் மேல். ஏஜிபி ஸ்லாட் தன் திறனில் பெரும்பகுதியை 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் வைத்திருந்தது. பசி கூடிய சிப்புகளுக்குத் தேவைப்பட்டது 12 வோல்ட் தரும் மஞ்சள் கம்பி.

அந்தக் கம்பியை முதலில் தேடிப் போன பெயர்பெற்ற வீட்டுக் கார்டு, 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் 2000-இல் வெளியிட்ட வூடூ 5 5500. இரண்டு சிப்புகள் கொண்ட இந்தக் கார்டின் விளிம்பில், ஹார்டு டிஸ்க்குக்கும் சிடி டிரைவுக்கும் போகும் நான்கு பின் கனெக்டரைச் செருக இடம் இருந்தது. மோலெக்ஸ் என்று எல்லோரும் அழைப்பது இதைத்தான்: மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு. இதன் அண்ணனாக நான்கு சிப்புகளுடன் திட்டமிடப்பட்ட வூடூ 5 6000-க்கு அதுவும் போதாது என்று கருதிய நிறுவனம், சுவர் பிளக்கிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் வெளிப்புற அடாப்டர் ஒன்றை வடிவமைத்து வூடூ வோல்ட்ஸ் என்று பெயரும் வைத்தது. கார்டு விற்பனைக்கே வரவில்லை. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸ் தன் தொழில்நுட்பச் சொத்துகளை என்விடியாவுக்கு விற்றுவிட்டு ஓய்ந்தது. அந்த அடாப்டரைக் கேலி செய்தவர்கள் அன்று பலர்; பெட்டிக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை நம்ப முடியாது என்ற அதன் கணிப்பு ஒன்றும் தவறில்லை.

2002 ஆகஸ்டில் ஏடிஐ வெளியிட்ட ரேடியான் 9700 ப்ரோவில் சுமார் 11 கோடி டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அதற்குத் துணை மின்சாரம் பிளாப்பி டிரைவுக்கான சின்னக் கனெக்டர் வழியாகப் போனது. மெல்லிய கம்பி, மெல்லிய பின். அடுத்த ஆண்டு வந்த 9800 ப்ரோ அதைக் கைவிட்டுப் பெரிய மோலெக்ஸுக்கு மாறியது. 2003-இல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ராவும் மோலெக்ஸ் கேட்டது. அதன் விசிறி எழுப்பிய இரைச்சல் அதன் வேகத்தைவிடப் புகழ்பெற்றது. 2004-இல் வந்த ஜீஃபோர்ஸ் 6800 அல்ட்ரா இரண்டு மோலெக்ஸ் கனெக்டர்களைக் கேட்டது. 480 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும், இரண்டு கனெக்டர்களும் வெவ்வேறு கேபிளிலிருந்து வரவேண்டும் என்றும் என்விடியா பரிந்துரைத்தது. 300 வாட் எஸ்எம்பிஎஸ்ஸே தாராளம் என்று நம்பியிருந்த வாடிக்கையாளருக்கு அது அதிர்ச்சி.

சிப்புகளின் பசி இப்படி ஏறியதற்கு ஓர் ஆழமான காரணம் உண்டு. 1974-இல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் ஒரு கணக்கைக் காட்டினார்கள்: டிரான்சிஸ்டரின் அளவைக் குறைக்கும்போது அதன் வோல்ட்டையும் அதே விகிதத்தில் குறைத்தால், ஒரே பரப்பில் அதிக டிரான்சிஸ்டர்கள் இருந்தாலும் மொத்தச் சூடு கூடாது. முப்பது ஆண்டுகள் அது கைகொடுத்தது. 2000-களின் நடுவில் வோல்ட் 1-ஐ நெருங்கியதும் அதற்குக் கீழே எளிதில் இறங்க மறுத்தது; மின்கசிவு வழிமறித்தது. அதன்பின் டிரான்சிஸ்டர் எண்ணிக்கை ஏறினால் வாட்டும் ஏறியே தீரும் என்றானது. பிராசசர் தயாரிப்பாளர்கள் வேகத்தை ஏற்றுவதை நிறுத்திவிட்டுக் கோர்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். ஒரே வேலையை ஆயிரக்கணக்கான துண்டுகளாகப் பிரித்துச் செய்யும் கிராஃபிக்ஸ் சிப்புக்கோ, எத்தனை டிரான்சிஸ்டர் கொடுத்தாலும் வேலை இருந்தது. அதனால் வாட் ஏற்றத்தின் முழுச் சுமையும் கிராஃபிக்ஸ் கார்டின் தலையில் விழுந்தது.

2004-இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் சந்தைக்கு வந்தபோது கணக்கு தலைகீழானது. கிராஃபிக்ஸுக்கான நீண்ட ஸ்லாட் தரும் 75 வாட்டில் 66 வாட் 12 வோல்ட்டிலேயே வந்தது, 3.3 வோல்ட்டில் 10 வாட்டுக்குச் சற்றுக் குறைவாக ஒதுக்கப்பட்டது. 5 வோல்ட் அடியோடு போயிற்று. கூடவே, கிராஃபிக்ஸ் கார்டுக்கென்றே 6 பின் கொண்ட கனெக்டர் ஒன்றும் அதே ஆண்டில் வரையறுக்கப்பட்டது. அது தருவது இன்னொரு 75 வாட். ஹார்டு டிஸ்க்கிடம் கடன் வாங்கும் காலம் அத்துடன் முடிந்தது. ஆனால் பழைய எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர்களுக்காக, இரண்டு மோலெக்ஸைச் சேர்த்து ஒரு 6 பின்னாக்கும் அடாப்டரைக் கார்டுப் பெட்டிக்குள் பல ஆண்டுகள் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து வந்தது 8 பின் கனெக்டர், 150 வாட். 2007 மே மாதம் வெளியான ரேடியான் எச்டி 2900 எக்ஸ்டி இதை முதலில் ஏற்றுக்கொண்ட கார்டுகளில் ஒன்று; முறைப்படியான விவரக்குறிப்பு 2008-இல்தான் வெளியானது. பின்கள் இரண்டு கூடியிருக்க, வாட் இருமடங்கானது எப்படி என்று கேட்கலாம். கூடிய இரண்டில் ஒன்றுகூட 12 வோல்ட் சுமப்பதில்லை. 8 பின்னில் 12 வோல்ட் கம்பிகள் மூன்று, கிரவுண்டு மூன்று, அடையாளம் சொல்லும் பின்கள் இரண்டு. இந்த அடையாளப் பின்களைப் பார்த்தே, தன்னில் செருகப்பட்டிருப்பது 6 பின்னா 8 பின்னா என்று கார்டு தெரிந்துகொள்ளும். பிராசசருக்குப் போகும் 8 பின் கனெக்டர் பார்வைக்கு இதைப் போலவே இருந்தாலும் அதில் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். அதனால் பின்களைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கில் சதுரமும் மூலை மழுங்கியதுமான அறைகளை வேறு வரிசையில் அமைத்து, ஒன்று மற்றொன்றில் நுழையாதபடி செய்தார்கள்.

150 வாட் என்றால் 12.5 ஆம்பியர். மூன்று கம்பிகளுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 4 ஆம்பியருக்குச் சற்று மேல். அந்தப் பின்களோ ஏறக்குறைய அதன் இருமடங்கைத் தாங்கக்கூடியவை. கிராஃபிக்ஸ் கார்டு மின்சாரத்தின் அடுத்த பதினைந்து ஆண்டு அமைதிக்குக் காரணம் இந்த மிச்சம்தான். பின் ஒன்று தளர்ந்தாலும், கம்பி ஒன்று பலவீனமாக இருந்தாலும், மற்றவை தாங்கிக்கொண்டன. தரத்தைப் பொருட்படுத்தாத கார்டுகளும் பிழைத்தது இதனால்தான். 75 வாட் ஸ்லாட், ஒரு 6 பின், ஒரு 8 பின் சேர்ந்து 300 வாட் என்பதே அன்றைய அதிகாரபூர்வ உச்சம். 2014-இல் ஏஎம்டி வெளியிட்ட ஆர்9 295எக்ஸ்2 இரண்டே இரண்டு 8 பின்களை வைத்துக்கொண்டு 500 வாட் கேட்டது. விதிப்படி ஸ்லாட்டையும் சேர்த்துக் கிடைக்கவேண்டியது 375 வாட்தான். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டு கம்பீரமாக ஓடியது.

இதைவிடச் சுவையான நிகழ்வு 2016 ஜூனில் நடந்தது. 150 வாட் என்று அறிவிக்கப்பட்டு, ஒரே ஒரு 6 பின்னுடன் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 480, ஸ்லாட்டிலிருந்து 75 வாட்டுக்கும் அதிகமாக உறிஞ்சுவதை விமர்சகர்கள் அளந்து காட்டினார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஏஎம்டி புதிய டிரைவர் மென்பொருளை வெளியிட்டு, சுமையின் ஒரு பகுதியை ஸ்லாட்டிலிருந்து 6 பின் பக்கம் தள்ளியது. தீர்வு, விதி மீறலை நிறுத்தவில்லை. மீறலைத் தாங்கும் இடத்துக்கு நகர்த்தியது. மதர்போர்டின் மெல்லிய செப்புத் தடத்துக்கு இல்லாத மிச்சம் 6 பின்னுக்கு இருந்தது என்பது பொறியாளர்களுக்குத் தெரியும்.

எஸ்எம்பிஎஸ் பக்கத்திலும் ஒரு வம்பு ஓடியது. பாதுகாப்பு கருதி, 12 வோல்ட் வெளியீட்டை 240 வோல்ட்-ஆம்பியருக்கு, அதாவது 20 ஆம்பியருக்கு, மேல் போகாத தனித்தனித் தடங்களாகப் பிரிக்க வேண்டும் என்று ஏடிஎக்ஸ் விதி சொன்னது. இதனால் மொத்தத் திறன் போதுமானதாக இருந்தும் ஒரு தடம் நிரம்பியதால் கணினி அணைந்துபோகும் விந்தை நிகழ்ந்தது. 2007-இல் வந்த ஏடிஎக்ஸ் 12வி 2.3 பதிப்பில் அந்தக் கட்டாயம் நீங்கியது. ஒற்றைத் தடமா பல தடமா என்ற வாதம் ஆர்வலர்களிடையே அதன் பிறகும் ஓயவில்லை. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட மொத்த வாட்டைவிட, எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எதிரே எழுதியிருக்கும் ஆம்பியரைப் பார்த்து வாங்க வேண்டும் என்ற அறிவு பரவியதும் இந்தக் காலத்தில்தான்.

எல்லாக் கார்டுகளும் வாட்டைத் துரத்தவில்லை. 2014 பிப்ரவரியில் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ 60 வாட்டில் ஓடியது. 2016-இன் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 75 வாட்டுக்குள் அடங்கியது. இவற்றின் அடிப்படை மாடல்களுக்குத் துணைக் கனெக்டரே தேவையில்லை. அலுவலகங்கள் கழித்துப்போட்ட கணினிகளில் கிராஃபிக்ஸ் கனெக்டர் இல்லாத சிறிய எஸ்எம்பிஎஸ்தான் இருக்கும். அத்தகைய பெட்டியை வாங்கி விளையாட்டுக்குத் தயார்படுத்தும் மாணவர்களுக்கு, சென்னை ரிச்சி தெருவிலானாலும் வேறெந்த ஊர்ச் சந்தையிலானாலும், இந்த இரண்டு கார்டுகளும் வரமாக அமைந்தன.

கனெக்டர் இல்லாத இடத்தில் கனெக்டரை வரவழைக்க முயன்றவர்களும் இருந்தார்கள். சாட்டா ஹார்டு டிஸ்க்கின் மின் கனெக்டர் 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட், தாங்குவதற்கே அமைந்தது. அதை 6 பின்னாகவும் 8 பின்னாகவும் மாற்றும் மலிவு அடாப்டர்கள் சந்தையில் குவிந்தன. கிராஃபிக்ஸ் கார்டுகளை அடுக்கி வைத்து ஈத்தரியம் நாணயம் எடுத்த காலத்தில் இத்தகைய அடாப்டர்கள் உருகிக் கருகிய படங்கள் இணையத்தில் சாதாரணம். அந்தத் தொழில் 2022 செப்டம்பரில் ஈத்தரியம் தன் முறையை மாற்றியபோது முடிவுக்கு வந்தது.

2020 செப்டம்பரில் திருப்பம் வந்தது. 350 வாட் ஆர்டிஎக்ஸ் 3090-ஐ வெளியிட்ட என்விடியா, தன் சொந்தத் தயாரிப்பான ஃபவுண்டர்ஸ் எடிஷன் கார்டுகளில் 12 பின் கொண்ட குட்டிக் கனெக்டரைப் பொருத்தியது. காரணம் இடநெருக்கடி. விசிறிக் காற்று ஊடுருவிப் போகும்படி சர்க்யூட் போர்டு குட்டையாக வெட்டப்பட்டிருந்தது. அதில் இரண்டு மூன்று 8 பின்களை வரிசையாக வைக்க வழியில்லை. பின்களுக்கு இடையிலான தூரம் 4.2 மில்லிமீட்டரிலிருந்து 3 மில்லிமீட்டராகச் சுருங்கியது. இதோடு நான்கு சின்ன அடையாளப் பின்களைச் சேர்த்து, 12விஎச்பிடபிள்யூஆர் என்ற பெயரில் 600 வாட் வரைக்குமான பொதுத் தரமாக்கினார்கள். 2022 தொடக்கத்தில் வந்த ஏடிஎக்ஸ் 3.0 அதை ஏற்றுக்கொண்டது. கண நேரத் தாவல்களுக்கும் அந்தத் தரம் இடம் கொடுத்தது: எஸ்எம்பிஎஸ் தன் திறனைப் போல இருமடங்கை 100 மைக்ரோ விநாடிக்குத் தாங்க வேண்டும்.

புதிய கனெக்டரின் கணக்கைப் போட்டால் சிக்கல் வெளிப்படும். 600 வாட் என்றால் 50 ஆம்பியர். ஆறு பின்களுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 8.3 ஆம்பியர். பின் தாங்குவதோ 9 ஆம்பியரைச் சற்றே தாண்டும். பழைய 8 பின்னில் ஏறக்குறைய சுமைக்கு நிகராக இருந்த மிச்சம் இங்கே சுமையில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

2022 அக்டோபர் 12-இல் 450 வாட் ஆர்டிஎக்ஸ் 4090 விற்பனைக்கு வந்தது. அந்த மாதம் முடிவதற்குள் கார்டுடன் கொடுத்த அடாப்டர்கள் உருகிய படங்கள் வரத் தொடங்கின. உலகம் முழுவதும் சுமார் 50 நிகழ்வுகள் தன் கவனத்துக்கு வந்ததாகவும், கனெக்டர் முழுமையாக உள்ளே செல்லாததே பொதுவாகக் காணப்பட்ட காரணம் என்றும் நவம்பரில் என்விடியா அறிவித்தது. அறிவிப்பு உண்மைக்குப் புறம்பானதல்ல. ஆனால் சற்று வெளியே நிற்கும்போதும் முழு மின்சாரத்தையும் அனுமதிக்கிற ஒரு கனெக்டர், சரியாகச் செருகும் பொறுப்பை மறுபடியும் ஆளின் கையில் ஒப்படைத்துவிட்டது என்பதே அதன் பொருள். கம்பி வளைவைத் தவிர்க்கத் தனி நிறுவனமொன்று விற்ற கோண அடாப்டர்களும் சூடேறின. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் சுமார் 25,000 அடாப்டர்கள் திரும்பப் பெறப்பட்டன.

2023-இல் தரம் திருத்தப்பட்டு, கார்டுப் பக்கத்துச் செருகிடம் 12வி-2×6 என்று புதுப்பெயர் பெற்றது. மின்சாரம் சுமக்கும் பின்கள் 0.25 மில்லிமீட்டர் நீண்டன. அடையாளப் பின்கள் உள்வாங்கின. கனெக்டர் ஆழமாகப் போனால்தான் அடையாளப் பின்கள் தொடும். தொடாவிட்டால் கார்டுக்குக் கிடைக்கும் அனுமதி பூஜ்யம் வாட். முந்தைய பதிப்பில் அதே நிலைக்கு 150 வாட் அனுமதி இருந்தது.

2025 ஜனவரி 30-இல் ஆர்டிஎக்ஸ் 5090 வந்தது. சுமார் 9,200 கோடி டிரான்சிஸ்டர்கள், 575 வாட். ஐபிஎம்மின் முதல் கணினி முழுவதற்கும் இருந்த எஸ்எம்பிஎஸ்ஸைப் போல இது ஒன்பது மடங்கு. பிப்ரவரியிலேயே உருகிய கனெக்டர்கள் மீண்டும் செய்தியாயின. ஜெர்மனியைச் சேர்ந்த ஓவர்கிளாக்கிங் நிபுணர் ஒருவர் தன் கார்டின் கம்பிகளைத் தனித்தனியே அளந்தபோது, 8 ஆம்பியர் ஓடவேண்டிய கம்பி ஒன்றில் 20-க்கும் மேல் ஓடியது. எஸ்எம்பிஎஸ் பக்கத்துக் கனெக்டர் சில நிமிடங்களில் 150 டிகிரி செல்சியஸை எட்டியது. வர்க்கக் கணக்குப்படி அந்தப் பின்னில் சூடு ஆறு மடங்குக்கும் அதிகம்.

இதற்கு விளக்கம் கார்டுக்குள் இருக்கிறது. ஆறு பேர் தூக்கும் பல்லக்கில் சிலர் தோளைத் தாழ்த்தினால் மற்றவர் தோளில் பாரம் ஏறும். ஆறு பின்களில் சிலவற்றின் தொடுகை மோசமாக இருந்தால், நன்றாகத் தொடும் பின்களின் வழியே மின்னோட்டம் பாயும். ஆர்டிஎக்ஸ் 3090 டிஐ கார்டில் ஆறு பின்களும் இரண்டிரண்டாக மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவின் மின்னோட்டமும் தனியே அளக்கப்பட்டது. 4090-இலும் 5090-இலும் ஆறும் உள்ளே நுழைந்தவுடன் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுவிட்டன. எந்தப் பின் எவ்வளவு சுமக்கிறது என்று கார்டுக்கே தெரியாது. ஆசூஸ் தன் விலையுயர்ந்த ஆஸ்ட்ரல் மாடலில் ஒவ்வொரு பின்னையும் தனியே கண்காணித்து மென்பொருள் வழியாக எச்சரிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. அளக்க முடியும், ஆனால் பின்களுக்கிடையே சமன் செய்ய முடியாது.

ஏஎம்டி இதில் நிதானம் காட்டியது. 2022 டிசம்பரில் வந்த 355 வாட் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் இரண்டு பழைய 8 பின்களோடு வெளியானது. அதை ஏஎம்டி விளம்பரத்திலும் சொல்லிக்கொண்டது. 2025-இல் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி வந்தபோது கூட்டு நிறுவனங்கள் சில தம் மாடல்களில் புதிய கனெக்டரைத் தேர்ந்தெடுத்தன. ஆசூஸ் இன்னொரு வழியையும் முயன்றது: கேபிளே இல்லாமல், மதர்போர்டில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டை அடுத்து 600 வாட் தரும் இரண்டாவது ஸ்லாட். அந்த வசதியுள்ள மதர்போர்டு இருந்தால்தான் அது பயன்படும்.

ஆம்பியரைக் குறைக்க வோல்ட்டைக் கூட்டுவதே நேர்வழி. தரவு மையங்கள் அந்த வழியில்தான் போயிருக்கின்றன. 2016-இல் கூகுள் ஓபன் கம்ப்யூட் அமைப்பில் சேர்ந்தபோது 48 வோல்ட் ராக் வடிவமைப்பைப் பகிர்ந்தது. 600 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் 12.5 ஆம்பியர் போதும். 150 வாட் சுமக்கும் பழைய 8 பின் கனெக்டருக்கு அது பழகிய அளவு. மேசைக் கணினியிலோ மதர்போர்டு, விசிறி, எஸ்எம்பிஎஸ் எல்லாமே 12 வோல்ட்டைச் சுற்றி அமைந்தவை. 2020-இல் இன்டெல் முன்வைத்த ஏடிஎக்ஸ் 12விஓ தரமும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 3.3 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் நீக்கி 12 வோல்ட்டை மட்டுமே விட்டுவைத்தது.